சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எப்படி? வகுப்பு முதல் வீட்டுச் சாதகம் வரை முழுமையான வழிகாட்டி

விஜயதசமி அன்று மதுரையில் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். தேங்காய், பழம், புது நோட்டு, பட்டுப்பாவாடை என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்வார்கள். பொங்கலுக்குள் அதில் பலர் நின்றுவிடுவார்கள். கேட்டால் "அவளுக்கு ஆர்வம் இல்ல", "ஸ்கூல்ல ஹோம்வொர்க் ஜாஸ்தி" என்பார்கள். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் வேறு. வகுப்பில் பாடம் எடுக்கிறோம், "வீட்ல நல்லா பிராக்டிஸ் பண்ணிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். எப்படிப் பண்ணுவது, எங்கே உட்காருவது, எதை முதலில் பாடுவது, எப்போது நிறுத்துவது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டியதே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தில்தான் நிற்கிறது: சாதகம், அதாவது பாடிப் பழகுவது, அதைச் செய்யும் விதத்தையே வகுப்பில் பாடமாக நடத்த வேண்டும். சரளி வரிசை என்கிற முதல் சுரப் பாடம் அதற்குப் பிறகு. புதிதாகக் கர்நாடக சங்கீதக் கூட்டு வகுப்பு தொடங்க நினைக்கிற டீச்சர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளையைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கிற அம்மா அப்பாக்களும் வீட்டுச் சாதகம் பற்றிய பகுதியையாவது படியுங்கள்.

முதல் படி: எத்தனை பேர், எந்த நேரம், எந்த அறை

ஆறு முதல் பத்துப் பிள்ளைகள் சரியான அளவு. நான்கு பேருக்குக் கீழே போனால் கூட்டாகப் பாடுகிற தெம்பு வராது, பன்னிரண்டைத் தாண்டினால் ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்க நேரம் இருக்காது. 5 முதல் 7 வயது ஒரு குழு, 8 முதல் 11 வயது இன்னொரு குழு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சின்னவர்கள் குழுவில் ஏற்கெனவே கீதம் (சுர வரிசைகளுக்குப் பிறகு வரும் சின்னப் பாட்டு) வரை வந்த பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் எப்போதும் உட்காரட்டும். டீச்சர் பாடுவதைக் கேட்டு வருவதைவிடப் பக்கத்தில் இருக்கிற எட்டு வயது அக்கா பாடுவதைக் கேட்டுத்தான் சின்னது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் என்பதைவிட வாரம் இரண்டு நாள் நாற்பது நிமிடம் எவ்வளவோ மேல். பள்ளி வேன் நாலரை மணிக்கு இறக்கிவிடும், முகம் கழுவி ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்கு வரட்டும். பசியோடு வந்த பிள்ளைக்கு சட்ஜமம், அதாவது அடிப்படைச் சுரமான 'ச', நிற்காது.

அறையைப் பற்றி ஒன்று. பாய் விரித்துத் தரையில் அரைவட்டமாக உட்காரவையுங்கள். வரிசையாக உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும், அரைவட்டத்தில் ஒருவர் வாயும் கையும் மற்றவருக்குத் தெரியும். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டால் வேகத்தைக் குறையுங்கள், மே மாதம் என்றாலும் பாடுகிற நேரத்துக்கு மட்டுமாவது. ஆடி மாதத்தில் தெரு முனை மாரியம்மன் கோவிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அன்றைக்குப் பாட்டை விட்டுவிட்டுத் தாளம் மட்டும் எடுங்கள். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டால் பிள்ளைகளின் தொண்டைதான் கெடும்.

இரண்டாம் படி: சுருதியைப் பிள்ளைக்கு ஏற்றபடி வையுங்கள்

இதில்தான் நிறைய வகுப்புகள் தடுமாறுகின்றன. டீச்சர் தன்னுடைய சுருதியை (பாட்டுக்கு 'ச' எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை) வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதில் இழுப்பார். ஆண் ஆசிரியர் 1 கட்டையில் பாடினால் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பிள்ளைகள் அதற்கு ஒரு ஸ்தாயி, அதாவது ச முதல் அடுத்த ச வரையிலான ஒரு சுற்று, மேலே போய்ப் பாடுவார்கள். மத்திய ஸ்தாயிக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேல் ஸ்தாயி வரிசை வந்ததும் கழுத்து நரம்பு புடைக்கும், முகவாய் மேலே தூக்கும், அப்போதுதான் தெரியும். பெரிய பெண்களுக்குப் பழக்கமான 5 கட்டையை வைத்தால் சின்ன வயதுப் பிள்ளைகள் சிலருக்குக் கீழ் சட்ஜமமே காற்றாகப் போகும். சின்னவர்கள் குழுவுக்கு ஐந்தரையில் இருந்து ஆறரை கட்டைக்குள் எங்கேயாவது பொருந்தும். ஆர்மோனியத்தில் 6 கட்டை என்றால் 'ஏ' சுரம். முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் கீழ் சட்ஜமத்தில் இருந்து மேல் சட்ஜமம் வரை ஏறிப் பாடச் சொல்லி, முகம் சுளிக்காமல் பெரும்பாலானவர்கள் எங்கே பாடுகிறார்களோ அங்கே சுருதியை வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை திரும்பப் பாருங்கள்.

சுருதிப்பெட்டியோ செல்போனில் தம்புரா செயலியோ எது இருந்தாலும் சரி, அது அறையின் நடுவில் இருக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு விதி: பாடும்போது தம்புரா காதில் விழவேண்டும். "தம்புரா கேக்குதா?" என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் நாம் கத்துகிறோம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் குரலை உயர்த்துவது இயல்பு. "கத்தாதே" என்று அதட்டுவதைவிட இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும், காரணம் பிள்ளை தன் காதை வைத்துத் தானே சரிசெய்துகொள்கிறது. இதே கேள்வியை வீட்டிலும் கேட்டுக்கொள்ளும்.

மூன்றாம் படி: முதல் ஒன்றிரண்டு மாதம் நோட்டு வேண்டாம்

புது நோட்டு பூஜையில் வைத்ததாகவே இருக்கட்டும். எழுத ஆரம்பித்தால் பிள்ளை கண்ணால் பாடும், காதை மூடிக்கொள்ளும்.

முதலில் சட்ஜமம் மட்டும். நீளமாக, மூச்சு இருக்கும்வரை. அடுத்து ச-ப-ச. நீங்கள் பாட, அவர்கள் திருப்பிப் பாட. பிறகு பிள்ளைகளின் பெயரையே சுரத்தில் கூப்பிட்டு, அதே சுரத்தில் "வந்தேன்" என்று பதில் பாடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, வருகைப் பதிவும் முடிந்தது, ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்டாகிவிட்டது.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பெரியவர்களுக்கு எளிது. ஐந்து வயதுக் கைக்கு மோதிரவிரலைத் தனியாக நகர்த்துவதே பெரிய காரியம், அதில் பாட்டையும் சேர்த்தால் இரண்டும் நின்றுவிடும். அதனால் முதலில் வெறும் கைதட்டு, சீராக. அடுத்து நடந்துகொண்டே தட்டுவது. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் முளைப்பாரிக்குக் கும்மியடித்துப் பார்த்திருப்பார்கள். வட்டமாக நின்று குனிந்து நிமிர்ந்து கும்மியடிக்க விடுங்கள், உடம்பில் தாளம் இறங்கிவிடும். விரல் எண்ணுவது தானாக அதன் மேல் வந்து உட்காரும்.

தாளத்தில் நான் விடாமல் செய்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது, கூட்டு வகுப்பில் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வாய்விட்டுப் பாடவேண்டும், அடுத்த ஆவர்த்தனம் மனசுக்குள். கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது ஆவர்த்தனத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சட்ஜமத்தில் வந்து இறங்க வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் வந்து விழுவார்கள். சில வாரத்தில் பத்துக் குரலும் ஒன்றாக வந்து சேரும், சுருதியும் நகர்ந்திருக்காது. அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! இது உள்ளுக்குள் கேட்கும் பழக்கம், எந்தப் பாட்டுக்கும் இதுதான் அடிப்படை.

இன்னொன்று, பாதிப் பேர் தாளம் போட மீதிப் பேர் பாடுவது, பிறகு மாறிக்கொள்வது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு சுரமாகச் சரளி வரிசையைக் கைமாற்றுவது. பக்கத்துப் பிள்ளை விட்ட இடத்தில் எடுக்கவேண்டும் என்பதால் யாரும் கனவு காண முடியாது.

நான்காம் படி: வரிசைகளில் அவசரம் வேண்டாம்

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, பிறகு அலங்காரம், கீதம் என்ற ஒழுங்கைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. அவரைச் சங்கீத பிதாமகர் என்றே சொல்கிறோம். இந்த ராகத்தில் ஒரு வசதி உண்டு: ச ரி க ம என்ற கீழ்ப்பாதியும் ப த நி ச என்ற மேல்பாதியும் ஒரே இடைவெளிகளில் அமைந்தவை. கீழ்ப்பாதி நன்றாக நின்றால் மேல்பாதி அதே நடையில் வந்துவிடும். பிள்ளைகளிடம் இதைப் பாடிக் காட்டுங்கள், "மேல போனாலும் அதே மாதிரிதான் இருக்கு" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் சட்ஜமத்துக்கு மிக அருகில் இருக்கும் அந்த சுத்த ரிஷபம் என்கிற 'ரி' ஐந்து ஆறு வயதுக் குரலுக்குக் கஷ்டம், இது என் உறுதியான கருத்து. சட்ஜமத்திலேயே ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் எகிறிப் போகும். அந்த வயதுக்கு மோகன ராகத்தில் இரண்டு மூன்று சின்னப் பாட்டுகளைக் காதாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏழு வயது வாக்கில் சரளி வரிசைக்குப் போனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மோகனத்தில் ஐந்தே சுரம், நெருக்கமான சுரங்களே இல்லை, குழந்தைக் குரல் தடுக்கி விழ இடமில்லை. சில பெற்றோர் "பக்கத்து வீட்டுப் பொண்ணு ஜண்டை வரிசைக்கு வந்துட்டா" என்று வருத்தப்படுவார்கள். பொறுமையாக விளக்குங்கள், பாட எண்ணிக்கையை மட்டும் ஏற்றாதீர்கள்.

முதல் காலம் (மெதுவான வேகம்) சுருதியோடும் தாளத்தோடும் நிற்காமல் இரண்டாம் காலம் போகக்கூடாது, மூன்றாம் காலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வேகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதனால் கேட்பார்கள். வாரக் கடைசியில் ஒரு தடவை விளையாட்டாக விடுங்கள், போதும். ஜண்டை வரிசையில் இரட்டைச் சுரத்தில் இரண்டாவதுக்குத்தான் அழுத்தம், அது இல்லாமல் ச-ச, ரி-ரி என்று தட்டையாக ஓட்டினால் பின்னால் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வராது.

ஏழு தாளங்களில் பாடுகிற அலங்காரம் வரும்போது தாள எண்ணிக்கைகளை வகுப்பே சேர்ந்து கொண்டாடலாம். துருவத்துக்கு 14, மட்டியத்துக்கு 10, ரூபகத்துக்கு 6, ஜம்பைக்கு 10, திரிபுடைக்கு 7, அடதாளத்துக்கு 14, ஏகத்துக்கு 4. துருவமும் அடதாளமும் இரண்டுமே 14 தான், ஆனால் உள்ளே பிரிவது வேறு: ஒன்று 4, 2, 4, 4, மற்றது 5, 5, 2, 2. இரண்டு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு தாளத்தை ஒரே நேரத்தில் போடச் சொன்னால் இருவரும் ஒரே இடத்தில் முடிப்பார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள்.

ஐந்தாம் படி: கூட்டத்தோடு கோவிந்தா போட விடாதீர்கள்

கூட்டு வகுப்பின் பெரிய ஆபத்து இது. ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு வரி தனியாகப் பாடவேண்டும். ஒரு வரிதான், அரை நிமிடம். எல்லோரும் பாடுவதால் யாருக்கும் அது தண்டனையாகத் தெரியாது.

பாடி முடித்ததும் "சூப்பர்", "வெரிகுட்" வேண்டாம். "உன் பஞ்சமம் இன்னைக்குத் தம்புராவோட சேர்ந்துச்சு", "ரெண்டாவது வீச்சுல கை அவசரப்பட்டுச்சு" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அப்போதுதான் வீட்டில் எதைக் கவனிப்பது என்று அதற்குத் தெரியும்.

சுருதி சேராத பிள்ளை எந்தக் குழுவிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளையிடம் "உனக்குக் குரல் இல்ல" என்ற சொல் எந்தக் காலத்திலும் வரக்கூடாது. ஆறு வயதில் கேட்ட அந்தச் சொல்லை அறுபது வயது வரை சுமக்கிறவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். செய்யவேண்டியது இது: பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அங்கே நீங்கள் போங்கள். அதோடு சேர்ந்து பாடுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது எப்படி இருக்கிறது என்று அது முதல் தடவை உணரும். அங்கிருந்து மெல்ல மெல்ல சட்ஜமத்துக்கு இழுத்து வாருங்கள். வாயை மூடி 'ம்' என்று முனகச் சொல்வது உதவும், ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு பாடச் சொல்வதும் உதவும். திடமாகப் பாடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். மாதங்கள் ஆகும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

ஆறாம் படி: வீட்டுச் சாதகம்

ஜப்பானில் ஷினிச்சி சுசூகி சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஒரு முறையை உருவாக்கினார். தாய்மொழியைக் குழந்தை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசுகிறதோ அப்படி இசையும் வரும் என்பது அவர் நம்பிக்கை. அதில் தனி வகுப்பும் உண்டு, கூட்டு வகுப்பும் உண்டு. பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பிள்ளை தினமும் பாடத்தைக் காதால் கேட்க வேண்டும். பழைய பாட்டுகளை விடாமல் திரும்ப வாசிக்க வேண்டும். வயலினுக்காக வந்தது என்றாலும் இந்த மூன்றையும் நம் பாட்டு வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம்? ஐந்து ஆறு வயதுக்குப் பத்து நிமிடம். ஏழு எட்டு வயதுக்குப் பதினைந்து. ஒன்பது பத்துக்கு இருபது இருபத்தைந்து. இதற்கு மேல் இழுக்காதீர்கள், பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் தவிர. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். காலையில் குளித்ததும் வேன் வருவதற்குள், இல்லையென்றால் சாயங்காலம் விளக்கேற்றியதும். ஏற்கெனவே வீட்டில் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டிவிட்டால் "பாட்டுக்கு உக்காரு" என்று தினமும் சண்டை போடவேண்டியது இல்லை.

என்ன வரிசையில்? தம்புராவைப் போட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா கேட்பது. நீளமாகச் சட்ஜமம் சில தடவை. பிறகு நன்றாகத் தெரிந்த பழைய பாடம் ஒன்று, தெம்பு வருவதற்கு. அதன் பிறகு இந்த வாரத்தின் கஷ்டமான வரி. கடைசியில் பிடித்த பாட்டு, எப்போதும் சந்தோஷமாகத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தக் கஷ்டமான வரியில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளைகள் எல்லோருமே ஆரம்பத்தில் இருந்து பாடுவார்கள், தப்பு வரும், திரும்ப ஆரம்பத்துக்குப் போவார்கள், அதே இடத்தில் அதே தப்பு வரும். பத்துத் தடவை பாடினால் பத்துத் தடவை அந்தத் தப்பைச் சாதகம் செய்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, தப்பு வருகிற அந்தத் துண்டை மட்டும் எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சரியாக வருகிறவரை பாடவேண்டும். பல்லாங்குழியில் இருந்து ஐந்து சோழியோ புளியங்கொட்டையோ எடுத்து இடது பக்கம் வையுங்கள். ஒரு தடவை சரியாக வந்தால் ஒன்று வலது பக்கம் போகும். தப்பாக வந்தால் அங்கேயே இருக்கட்டும், போனதைத் திரும்ப எடுக்கக்கூடாது. ஐந்தும் வலப்பக்கம் வந்தால் முடிந்தது. இதை முதலில் வகுப்பிலேயே எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டுங்கள், ஒரு பிள்ளை பாட மற்றவர்கள் சோழியை நகர்த்தட்டும், எது சரி எது தப்பு என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

டீச்சர்கள் பாடத்தை ஒரு நிமிட ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பின்னால் தம்புரா ஓடவேண்டும், பொறுமையாகப் பாடவேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பிறகு பிள்ளை திருப்பிப் பாட இடம் விடவேண்டும். முழுக் கச்சேரி போலப் பாடி அனுப்பினால் பிள்ளை ரசித்துக் கேட்கும், கூடப் பாடாது.

"எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே" என்கிற பெற்றோர்களுக்கு: தெரியவேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். மூன்று கேள்வி கேளுங்கள். தம்புரா கேக்குதா? கை நிக்காம போகுதா? டீச்சர் எந்த வரியைப் பாக்கச் சொன்னாங்க? அடுப்படியில் இருந்துகொண்டு "சத்தமாப் பாடு", "இன்னொரு தடவை" என்று குரல் கொடுப்பது சாதகத்தைக் கெடுக்கும். வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் பிள்ளை அவர்களுக்குப் பாடம் எடுக்கட்டும். அப்பத்தா வேண்டுமென்றே தாளத்தை மாற்றிப் போட்டால் அது திருத்தும், திருத்தும்போது அதற்கே இன்னும் தெளிவாகும். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று வற்புறுத்தவே கூடாது.

நாள் விட்டுப்போனால்? விட்டுப்போகட்டும். மறுநாள் இரண்டு மடங்கு பாடச் சொல்லாதீர்கள், அது கடன் இல்லை. சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊரே மாசி வீதியிலும் வைகை ஆற்றிலும் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் சரளி வரிசை பாடாது, பாடவும் வேண்டாம். டீச்சர்கள் அந்த வாரம் புதுப் பாடம் எடுக்காமல் இருங்கள். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஐந்து நிமிடம் சட்ஜமம் மட்டும் பாடினால் பழக்கம் அறுந்துபோகாது. சளி, இருமல், தொண்டை கட்டியிருந்தால் பாட்டு வேண்டாம், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டு தாளம் மட்டும்.

ஏழாம் படி: ஊரில் இருப்பதைக் கேட்க வையுங்கள்

1916-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த ஊர் மதுரை, அவர் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். மணி ஐயரும் சோமுவும் பெயருக்கு முன்னாலேயே மதுரையை வைத்துக்கொண்டு பாடினார்கள். மதுரை மணி ஐயரின் கல்பனாசுரங்களை (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் சுரங்களை) போட்டுத் தாளம் போடச் சொல்லுங்கள். சர்வலகுவாக, சீராக ஓடும் சுரங்கள் என்பதால் எட்டு வயதுக் கை கூட அதோடு போய்விடும். மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போகும்போது நாதஸ்வரம் கேட்டால் இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள், ஓதுவார் தேவாரம் பாடினால் அங்கேயும் நில்லுங்கள்.

தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் சத்குரு சங்கீத சமாஜத்தின் கச்சேரிகள் நடக்கும். சின்னப் பிள்ளையை அரை மணி நேரத்துக்குக் கூட்டிப்போங்கள், மிருதங்கக்காரர் கை தெரிகிற இடத்தில் உட்காருங்கள், நெளிய ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள். மூன்று மணி நேரம் கட்டிப்போட்டால் அடுத்த தடவை வராது. கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரிக்கலாம், 5 முதல் 16 வயது வரை பாட்டு உட்படப் பல கலைகள் சொல்லித்தருகிறார்கள். பின்னால் முறையாகப் பட்டயமோ பட்டமோ படிக்க நினைத்தால் பசுமலையில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது.

மேடை ஏற்றுவதற்கு அவசரம் இல்லை. முதல் மேடை நவராத்திரிக் கொலுவாக இருக்கட்டும், மூன்று பேர் சேர்ந்து தெரிந்த பாட்டு ஒன்று, சுண்டல் வாங்கிக்கொண்டு வரலாம். அடுத்தது மார்கழி பஜனை. பரிசு கொடுக்கிற போட்டிகளுக்குப் பத்து வயது வரை அனுப்பாதீர்கள்.

தனி வகுப்புக்கு எப்போது மாறுவது என்று எல்லோரும் கேட்பார்கள். கீதங்கள் முடிந்து வர்ணம் என்கிற பெரிய பாடம் தொடங்கும்போது பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவைப்படும், கமகங்களைப் பத்துப் பேருக்கு நடுவில் திருத்த முடியாது. அப்போது வாரம் ஒரு தனி வகுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டு வகுப்பையும் விடவேண்டாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குரல் உடைகிற பையன்கள்தான் இந்தக் கட்டத்தில் அதிகம் நின்றுபோகிறார்கள். சுருதியை இறக்கிக் கொடுங்கள், அதுவும் முடியாத மாதங்களில் குழுவுக்குத் தாளம் போடும் பொறுப்பையோ கூடவே கொஞ்சம் மிருதங்கத்தையோ கொடுங்கள், குரல் நிலைப்பட்டதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்துகொள்ளட்டும்.